ஞாயிற்றுக்கிழமை மழை

தபித்தாள் அக்காவைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு இன்னும் முழு மனது வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குன்னூருக்குக் கீழே உள்ள எங்கள் எஸ்டேட்டில் அவர் கிரச் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் விட்டுவிட்டுப் போகும் பதினான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயது முப்பத்தெட்டு. பிறந்த ஊர் தேவாலா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஃபேக்டரியில் வேலை செய்யும் எட்மண்ட் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர், சரிவில் விழுந்து முழங்கால் போகும்வரை கொழுந்துதான் பறித்தார்.

கிரச் வேலிக்குள் மழை அளக்கிற ரெயின் கேஜ் ஒன்று இருக்கிறது. வெளியே வைத்தால் காட்டெருமை தள்ளிவிடும். தினமும் காலை எட்டு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை இஞ்சு, எத்தனை சென்ட் என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு இஞ்சு. 2015 முடியும்வரை வாட்ச்மேன் சுப்பண்ணன் எழுதினார். அவர் வேலையை விட்டதும் அக்கா எழுத ஆரம்பித்தார். அவர் ஊற்றும்போது குழந்தைகள் சுற்றி நின்று எட்டிப் பார்க்கும். "தள்ளி நில்லுங்கடா, மழ சிந்திரும்" என்பார்.

நான் பிளஸ் டூவில் ஐநூற்று நாற்பத்தொரு மார்க். சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். வாசலில் நின்று, யார் யார் காலேஜ் பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது.

அப்போதுதான் ஊட்டியில் உள்ள பல்கலைக்கழக நூலகத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். ஆறு சனிக்கிழமை பயிற்சி. ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்பது எப்படி, தகவல்களைத் திரட்டி அட்டவணையாக்குவது எப்படி, அதிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். வெளியாட்களும் சேரலாம். கடைசி நாளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நூலகத்தின் மழைப் பதிவு வேலையில் ஒரு வருடம் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் எஸ்டேட் ரெஜிஸ்டரை வைத்துச் செய்யலாம் என்று விண்ணப்பத்தில் எழுதியதுகூட நான்தான்.

பதில் வந்தது. ரெஜிஸ்டர் எழுதுபவரே வரட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் கூட வரலாம். மேனேஜர் அக்காவுக்கு லீவு கொடுத்தார். முதல் நாள் அக்காவின் அட்டையில் "தபித்தாள் எட்மண்ட், பங்கேற்பாளர்" என்று இருந்தது. என் அட்டையில் "உடன் வருபவர்." பெயரே இல்லை.

"இதென்ன கண்ணு, கல்யாண ஊட்டுக்கு வந்தாப்ல?" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நூலகர் ராஜரத்தினம் சார் எதைச் சொன்னாலும் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா கேட்ட சாதாரணக் கேள்வியைக்கூட, "பாருங்க, இது நல்ல கேள்வி" என்று போர்டில் எழுதினார். பதினெட்டு வருட மழையை ராப்பகலாக டைப் செய்த என்னிடம், "வேகமா அடிக்கறீங்க" என்றார். அவ்வளவுதான்.

2016 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஜிஸ்டரில் எண் இல்லை, சின்னக் கோடு மட்டும் இருந்தது. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டபோது வரைபடத்தின் கோடு அறுந்து அறுந்து அசிங்கமாகத் தெரிந்தது. எல்லாவற்றிலும் சைபர் போட்டேன். கோடு அழகாகிவிட்டது.

நான்காவது வாரம் சார் சொன்னார்: "காலி வேற, சைபர் வேற. சைபர்னா பார்த்தோம், மழை இல்லைன்னு அர்த்தம். காலின்னா நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம்." எனக்குக் காது சுட்டது. ஆனால் அதற்குள் என் வரைபடம் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டியிருந்தது. ஒரே நாளில் இரண்டு இஞ்சுக்கு மேல் மழை பெய்த நாட்கள் முதல் ஒன்பது வருடத்தில் நாற்பத்தொன்று, அடுத்த ஒன்பது வருடத்தில் அறுபத்து மூன்று. "அருமை, கடைசி நாள் நீங்களே பேசுங்க தேவி" என்றார் சார். அன்றுதான் அவர் வாயில் என் பெயர் வந்தது. நான் சைபரைத் தொடவில்லை.

கடைசி சனிக்கிழமை பஸ்ஸில் அக்கா என் தாள்களைப் புரட்டினார்.

"ஏன் கண்ணு, ஞாயித்துக்கெழம பூரா சைபர் போட்டிருக்குது? நான் சர்ச்சுக்குப் போயிருவேன், பாக்க மாட்டேன். மழ பெய்யாமயா இருந்துச்சு? திங்கக்கெழம ஊத்தறப்ப ரெண்டு நாள் தண்ணியும் சேந்துதான வரும்?"

கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. சுப்பண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் அளந்தார். அக்கா அளக்கவில்லை; இரண்டு நாள் தண்ணீர் திங்கட்கிழமையில் ஒரே நாள் மழையாக ஏறியிருந்தது. கூடியது மழை அல்ல, அக்கா சர்ச்சுக்குப் போன நாட்கள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்க்கா" என்றேன்.

"அப்படியா? கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்தான்" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

ஹாலில் முப்பது பேர். நான் தடுமாறாமல் பேசி முடித்தேன். கை தட்டினார்கள். அப்போது அஸ்வந்த் என்ற எம்.எஸ்ஸி. மாணவர் எழுந்தார். பயிற்சிக்காக எல்லோருடைய அட்டவணையும் எல்லோரிடமும் இருந்தது.

"ஒரு சந்தேகங்க. உங்க எஸ்டேட்ல திங்கக்கிழமை மேல மட்டும் மழைக்கு என்ன கோவம்? ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துட்டு வந்து திங்கக்கிழமை ஓவர்டைம் பாக்குது!"

ஹாலே சிரித்தது. பின்னாலிருந்து அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க சார். ஞாயித்துக்கெழம நான் பாக்கறதில்லீங்க. கோடு போட்டேன், ஏன்னு எழுதாம உட்டுட்டேன். திங்கக்கெழம தண்ணி ரெண்டு நாளுதுங்க."

சார் ரெஜிஸ்டரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "ஒன்பது வருஷத்துல ஒரு ஞாயிறுகூட நீங்களா ஒரு நம்பர் போட்டதில்லையா?"

"பாக்காத மழைய எப்படிங்க சார் எழுதறது?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு இடம் யாருக்கு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பெயரை வாசித்தபோது அக்காவே நம்பாமல் என்னைப் பார்த்தார். சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும், பிள்ளைகளை விட்டு வர முடியாது என்றார். அதற்கும் சார் சரி என்றார்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு நான் உட்கார்ந்து சைபர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். நானூற்றுச் சொச்சம். மொத்தமாக அழிக்க வழி தெரியும், ஆனாலும் ஒவ்வொன்றாகவே அழித்தேன். அக்கா டீயும் வர்க்கியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பஸ்ஸுலயே எங்கிட்டச் சொல்லிட்டேன்னு ஏன்க்கா அங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்கு அந்த எடம் கெடச்சிருக்குமா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு? வர்க்கியத் தின்னு."

திரையைப் பார்த்துக்கொண்டே, "இதென்ன தேதி? அன்னிக்கு எங்க பையன் பெனிஸுக்கு ஞானஸ்நானம். சர்ச்சு ஓட்டு மேல கொட்டுனதுல உள்ள பேசறது கேக்கல, அப்படி ஒரு மழ" என்றார். எழுதாமல் விட்ட மழைகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. டைப் செய்த எனக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "ஏங்கண்ணு, ஞாயித்துக்கெழம நீ ஊத்தறியா?"

"பாக்கலாங்கக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமை காலையில் அக்கா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக ஊட்டி பஸ்ஸுக்குப் போகிறார். நான் உள்ளே போய்விடுவேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்.

ஆனால் பயிற்சி முடிந்ததற்கு அடுத்த நாள், ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிரச் வேலியைத் திறந்து போனேன். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ரெஜிஸ்டரில் தேதிக்கு நேராக சைபர் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.