மாங்கன்றுக்கு வெட்டிய கிடங்கு

இது நடந்தது போன வருடம் ஐப்பசி மாதம். முதல் மழை பெய்து மண் கொஞ்சம் இளகியிருந்த நேரம். முள்ளியவளைக்குக் கிட்ட இருக்கிற எங்கள் கிராமத்தில், எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே நடந்தது.

அதைச் சொல்ல முன்னம் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பல வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். உடம்பில் கனத்த அங்கி, முகத்துக்கு மறைப்பு, சுற்றிவர வெயில். முழங்காலை ஊன்றியிருந்து, எனக்கென்று ஒதுக்கிய ஒடுங்கிய பாதைக்குள் அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டும். இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவி கத்தினால் அந்த இடத்தை மேலிருந்து தோண்டக் கூடாது. கொஞ்சம் தள்ளித் தொடங்கி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கிட்டப் போக வேண்டும். அவசரக்காரிக்கு அந்த வேலை சரிவராது. நானோ பிறவி அவசரக்காரி. ஆனால் அந்தப் பாதைக்குள் இருக்கும்போது மட்டும்தான் என் மனம் ஓரிடத்தில் நின்றது.

எங்கள் பக்கத்து வேலை முடிந்து ஆட்களைக் குறைத்தபோது நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்த, ஓரிடத்தில் நிற்கவிடாத அந்தரம் இன்னும் விடவில்லை. கோழி வளர்த்தேன், அலுத்துப் போனது. முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைத்தேன், அதையும் விட்டேன். கடைசியாக முல்லைத்தீவு பஸாரில் ஒரு புடவைக்கடையில் விற்பனைக்கு நின்றேன். அங்கேயும் கை பழைய வேலையை மறக்கவில்லை. சீலையை ஓரத்தில் பிடித்து மெல்ல மெல்ல விரிப்பேன். கடை முதலாளி பார்த்துவிட்டு, "அக்கா, சீலை விரிக்கிறீங்களோ, வெடி எடுக்கிறீங்களோ?" என்பார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் பூக்கன்றுகள். குரோட்டன், அந்தூரியம், ஐந்தாறு நிறத்தில் செவ்வரத்தை என்று வளவு நிறைய வைத்திருக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு தடி முறித்துக்கொண்டுதான் வருவேன். என் கணவர் மேசன் வேலை செய்கிறவர். "இவவுக்கு எத்தினை வேலை மாறினாலும் மண்ணைக் கிண்டுற வருத்தம் மட்டும் மாறாது" என்று ஏதோ நோயைச் சொல்கிறமாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

அந்தப் புதன்கிழமை காலை, கடைக்குப் போக முன்னம் ஒரு ஒட்டுமாங்கன்றை நட்டுவிடுவோம் என்று வேலிக்கரையில் கிடங்கு வெட்டினேன். முழங்கால் ஆழத்துக்குப் போயிருக்கும். அலவாங்கின் இரும்பு முனை எதிலோ பட்டு 'ணங்' என்றது. கல்லில் பட்ட சத்தம் இல்லை. அலவாங்கை வைத்துவிட்டு விரலால் மண்ணை விலக்கினேன். உக்கிப்போன உரப்பையின் மூலையும், அதற்குள் வளைந்த இரும்பு விளிம்பும் தெரிந்தன.

எங்கள் கிராமம் எப்போதோ துப்புரவாக்கப்பட்ட இடம்தான். ஆனால் கருவிக்குத் தெரிவது மேல் மண். ஆழத்தில் கிடப்பது அதற்குக் கேட்காது. பையில் சுற்றி மண்ணுக்குள் தாட்ட வெடிபொருட்களை வேறு இடங்களில் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் மகள் பின்னால் நிற்கிறாள், மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். "அப்பிடியே நில்லு. வந்த அடியிலயே திரும்பிப் போ" என்றேன். மற்றப் பிள்ளை என்றால் ஏன் என்று கேட்டிருக்கும். என் பிள்ளை தன் காலடிகளைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போனாள். அதைப் பார்த்தபோது, நான் இந்தப் பிள்ளைக்கு எதைத்தான் பழக்கி வைத்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "பழைய தகரமாக் கிடக்கும். இழுத்து எடுத்து எறிவம்" என்றார். "தொட்டீங்கள் எண்டா நான் மனிசியா இருக்கமாட்டன்" என்றேன். கொடிக்கயிற்றை அறுத்து, சிவப்புத் துணிகளைக் கிழித்துக் கட்டி, கிடங்கைச் சுற்றி எல்லை போட்டேன். பொலிசுக்கும் அறிவித்தேன். அவர்கள் வந்து பார்த்துவிட்டு ஒருவரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். வெடிகளைச் செயலிழக்கச் செய்கிற ஆட்கள் வரும்வரை சுற்றிவர ஒருவரும் நடமாடக் கூடாது என்று உத்தரவு.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. என் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் புது வீடு. கடைசி யுத்தத்தின் இடப்பெயர்வில் கணவரைத் தவறவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர் அவர். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு கூரை போட்டதோடு பல வருடம் அரைகுறையாக நின்று, அந்த மாதம்தான் ஒருமாதிரி முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை குடிபூரல், பால் காய்ச்சிப் புது வீட்டுக்குள் குடிபுகுகிற நாள். ஐயர் நேரம் வைத்துக் கொடுத்துவிட்டார். என்னுடைய கயிறு அவரது வாசலையும் சேர்த்து மறித்தது.

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்று கேட்டார். "ஒரு தகரத்தைக் கண்டுபோட்டு ஊரை எழுப்பி வைச்சிருக்கிறாய். நான் இந்த நாளுக்கு எத்தினை வருசம் காத்திருந்தனான் எண்டு உனக்குத் தெரியாதே?"

"தெரியும் அக்கா. அதுக்காகத்தான் சொல்லுறன். நீங்கள் பால் காய்ச்சேக்குள்ள ஏதும் நடந்தா?"

"நடந்தது எல்லாம் காணும், போதும் எனக்கு. இனி என்ன நடக்கிறது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சொல் எனக்குச் சுட்டது. நாங்கள் இரண்டு வீடும் குசினியில் கறி மாற்றிக்கொள்கிற ஆட்கள். அதற்குப் பிறகு அவர் என் முகம் பார்க்கவில்லை.

வியாழக்கிழமையும் ஒருவரும் வரவில்லை. கடையில் தீபாவளி வியாபாரம். விடுமுறை என்ற சொல்லே வாயில் வரக் கூடாத நேரம். எனக்கோ அந்தக் கிடங்கை விட்டு நகர மனமில்லை. காவலுக்கு நின்றவர் நிழலில் கதிரை போட்டு இருந்தார், கோழி போனாலும் பேசாமல் இருந்தார். நான் கயிற்றடிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து காலே தேய்ந்து போனது. கடையிலிருந்து இரண்டாம் முறை அழைத்தபோது, "அக்கா, நீங்கள் இனி வீட்டிலயே நில்லுங்கோ" என்று முதலாளி மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னாலும் வேலை போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமை காலை குடிபூரல் நேரம் வந்தது, போனது. பக்கத்து வீட்டு வாசலில் கட்டிய வாழை காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. அக்காவும் பிள்ளைகளும் புதுச் சட்டையோடு ரோட்டில், ஒரு மரத்தின் கீழ் நின்றார்கள். நான் குற்றவாளி போல மறுபக்கத்தில் நின்றேன். சனங்கள் சும்மா இருப்பார்களா? மாங்கன்றுக்குப் பதில் மிதிவெடி நடுகிறாள் என்று என் காதுபடவே கதைத்தார்கள். எனக்குள்ளும் இரண்டு மனம். அது வெடியாக இருந்தால் நான் சொன்னது சரியாகும். சரியாக வேண்டும் என்பதற்காக வெடியாக இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

மத்தியானம் அந்த ஆட்கள் வந்தார்கள். எங்களை இன்னும் தூரத்துக்கு அனுப்பினார்கள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவர்களில் பெரியவர் ரோட்டுக்கு வந்து, கையைக் காட்டி எங்களை வரச் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு. எனக்கு விளங்கிவிட்டது.

கிடங்குக் கரையில், சாக்கின் மேல், துருப்பிடித்த ஒரு தையல் மிசினின் தலை கிடந்தது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும்தான். வந்த பெரியவர் அரைகுறைத் தமிழில், "நீங்க செய்தது சரி அக்கா" என்றார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் அதை யார் கேட்டார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு மிசின் தலைக்காக என் வேலையும் போய், பக்கத்து வீட்டுக்காரியின் நல்ல நேரத்தையும் கெடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சாக்கடியில் முழங்காலில் இருந்தார். உரப்பைக்குள் இன்னொரு துணி சுற்றியிருந்தது, அது ஆண்கள் கட்டுகிற ஒரு சாரம். மண் நிறமாகிப் போயிருந்தாலும் மடிப்புக்குள் நீலக் கட்டம் இன்னும் தெரிந்தது. அவர் அந்த மடிப்பை விரித்து விரித்துப் பார்த்தார்.

"இது அவரின்ர சாரம்" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த சனம் கிட்ட வந்து பார்த்தது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஓடும்போது கொண்டுபோக முடியாத சாமான்களைச் சுற்றிக்கட்டி, மரத்தடியில் தாட்டுவிட்டுப் போனவர்கள்தான் எல்லோரும். திரும்பி வந்து எடுத்தவர்களும் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு.

"நான் பிள்ளையளோட ட்ரக்டரில ஏறிட்டன். அவர்தான் என்ர மிசினைச் சாரத்தில சுத்தித் தாட்டுப்போட்டு ஓடி வந்தவர்" என்று, யாருக்கென்று இல்லாமல் சொல்லத் தொடங்கினார். "தேசிக்காய் மரத்தடியில வைச்சிருக்கு, வந்து எடுப்பம் எண்டு சொன்னவர். நான் வரேக்க தேசிக்காயும் இல்லை, வேலியும் இல்லை. அவரும் இல்லை. எங்க எண்டு தேடுறது?"

மீள்குடியேறி வந்த புதிதில் அவர் தன் வளவு முழுவதையும் கொத்தினார். தங்கம் தேடுகிறா என்று ஊர் கதைத்தது, நானும் கேட்டிருக்கிறேன். மரங்களும் அடையாளங்களும் அழிந்து, காணிகளைப் புதிதாக அளந்தபோது அந்த இடம் என் வேலிக்குள் வந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

அவர் மிசின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சில்லைச் சுற்றிப் பார்த்தார், அது சுற்றவில்லை. பிறகு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். புதுச்சேலை முழுவதும் துரு. பிள்ளைகள் இரண்டும் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றன. நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்.

என் கணவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "நான் எண்டா அண்டைக்கே பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருப்பன்" என்றார். அவர் தன் தவறை ஒத்துக்கொள்ள நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஐயர் வேறொரு நாள் பார்த்துக் கொடுத்தார். குடிபூரல் நடந்தது. மிசினைத் திருத்தலாமா என்று பார்க்க ஆள் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அந்தச் சாரத்தைக் கழுவி மடித்து, அதன் மேல் அந்தத் தலையை வைத்து, முன் அறையில் வைத்திருக்கிறார். எங்கள் குசினிகளுக்கிடையே கறி திரும்பவும் போய் வருகிறது. நான் இப்போது வேறொரு கடையில் நிற்கிறேன், அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது. கால் இன்னும் ஓரிடத்தில் நிற்பதாக இல்லை.

மண்ணுக்குள் இருந்து நான் எத்தனையோ எடுத்திருக்கிறேன், எல்லாவற்றையும் தூரக் கொண்டுபோய் வெடிக்க வைத்து அழித்தார்கள். ஒருவர் மடியில் தூக்கி வைத்து அழுதது அந்த ஒன்றைத்தான். அதற்குப் பிறகு, மண்ணில் கை வைக்கும்போதெல்லாம் பழைய பயத்தோடு கூடவே, இதற்குள் கிடக்கிற ஏதோ ஒன்றை யாரோ இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பும் எனக்கு வருகிறது.