ஷோகேஸில் வசந்தமல்லி

போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு உயிரோடு இருப்பவர்களால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் செத்தவர்களால் வருவது. அரித்துப்போன படத்தைக் கொண்டுவந்து, "அப்பாவுக்குக் கண்ணைத் தொறந்து வைங்க", "மாமாவுக்கு ஒரு கோட்டு போட்டு வுடுங்க" என்று கேட்கிறவர்களிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். ஆம்பூர் பஜாரில் கடை வைத்திருக்கும் நானும் எத்தனையோ பேருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒருத்தியின் படம் மட்டும் என்னைப் படுத்திய பாடு வேறு.

சுவரைப் பார்த்த படம்

தயாளன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இங்கேயே பழைய வீடு ஒன்றை வாங்கியிருந்தார். பெயிண்ட் அடிக்கப் பின்னறையைக் காலி செய்தபோது சுவரில் ஒரு படச்சட்டம் இருந்திருக்கிறது. படம் சுவர்ப் பக்கம், அட்டை வெளிப் பக்கம். மூலைக்கு மூலை ஆணி வேறு. பிடுங்கித் திருப்பினால் ஒரு பெண். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மை அப்பிய கண்ணால் நேராகப் பார்க்கிறாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் போல உதடு லேசாகத் திறந்திருக்கிறது.

பூஞ்சைக் கறையை எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். பேசும்போது அவர் குரல் கம்மலாகவே வந்தது. தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "கூடத்துல மாட்டி வெச்சோம் மேடம். அன்னிலேர்ந்து வூட்ல ஒருத்தரும் சத்தமா பேச மாட்டேன்றோம். ஏன்னு கேட்டா எங்களுக்கே தெரியல."

போகாத கறை

கம்ப்யூட்டரில் ஏற்றி, கறையைத் துடைத்து, விரிசலை மூடினேன். திரையில் முகம் பளிச்சென்று இருந்தது. பிரிண்ட் எடுத்தால் தொண்டைக்குழியில் வெள்ளையாக ஒரு திட்டு. திரும்பப் போட்டேன். அதே இடத்தில் அதே திட்டு. பேப்பரை மாற்றினேன், மையை மாற்றினேன். திட்டு மட்டும் மாறவில்லை.

என் கடையில் பிரிண்டிங் பார்ப்பவர் நசீர். மெஷினைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, ஒரு கல்யாண ஆல்பத்தை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வந்தது. மறுபடி இவள் படத்தைப் போட்டார். வெளியே வந்த தாளை என் கையில் கொடுக்காமல் மேஜையில் கவிழ்த்து வைத்தார். "மெஷின்ல ஒண்ணும் பேஜார் இல்லக்கா. இந்தம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு."

பேர் தெரிந்தது

தயாளன் படத்தை வாங்க வரவே இல்லை. போன் செய்தால், "நீங்களே வெச்சிக்குங்க மேடம்" என்றார். இத்தனை அழகான முகத்தை உள்ளே போட்டு வைக்க மனம் வராமல், அந்தத் திட்டோடேயே பிரிண்டை வாசல் ஷோகேஸில் வைத்தேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். சாயங்காலம் ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். கூட்டம்தான், சத்தம் இருக்காது.

காட்பாடியில் ஒரு கல்லூரியில் சினிமா வரலாறு சொல்லித்தரும் பேராசிரியர், பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர், அவளைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார். "மிஸ் வசந்தமல்லி" என்றார். ஊமைப் படங்களில் நடித்தவளாம். பழைய பத்திரிகை ஒன்றில் இதே முகத்தைப் பார்த்திருக்கிறாராம். நடித்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பேசும் படம் வந்த சமயம் மெட்ராஸை விட்டுக் கிளம்பியவள், அதற்கப்புறம் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. குரல் எப்படி இருக்கும் என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க பேசி யாரும் கேட்டதே இல்லைங்க."

கல்யாணப் பெண்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். இன்ஸ்டாகிராமில் யாரோ போட்ட எங்கள் ஷோகேஸைப் பார்த்துவிட்டு, அதே மை, அதே சாய்வு, அதே பாதி திறந்த உதடு வேண்டும் என்றாள். நல்ல வாயாடிப் பெண். மேக்கப் முடியும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

லைட்டைப் போட்டதும் அடங்கிவிட்டாள். "உதட்டைக் கொஞ்சம் திறம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் வாயை இறுக்கி மூடியிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்து மை வழிந்தது. இறங்கி வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சே வந்தது. "தொறக்கணும்னுதான் இருந்தேன்க்கா. தொறந்தா யாரோ இன்னாவோ ஊத்திடுவாங்கன்னு பயமா ஆயிடுச்சு."

சுசீலா வந்தார்

அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து சுசீலா என்ற அம்மாள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, வயல் வேலை செய்து காய்த்த கை. "அந்தப் படத்தை எடுத்துடச் சொல்லி எங்க அண்ணன் அனுப்பிச்சாரு. எங்க குடும்பத்து ஆளு அது" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

படத்திலிருப்பவள் சுசீலாவுடைய தாத்தாவின் தங்கை. நிஜப் பேர் எஸ்தர். தோல் பதனிடும் ஷாப் மேஸ்திரி ஒருவனுக்குச் சின்ன வயதிலேயே கட்டிவைத்து, அவன் அடி தாங்காமல் மெட்ராஸுக்கு ஓடி நடிகையானவள். பேசும் படத்தில் பேச அவளுக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். அதன்பிறகு சாகும்வரை, இப்போது தயாளன் வாங்கியிருக்கும் வீட்டின் அந்தப் பின்னறைதான்.

"ஊமை ஆயான்னுதான் நாங்க கூப்புடுவோம். டெண்டு கொட்டாய்க்கு மட்டும் வுடுவாங்க, சின்னப் புள்ள நான் தொணைக்குப் போவேன். மணல்ல உக்காந்துக்கினு, கதாநாயகி பேசப் பேச இவங்க வாயும் அசையும். சத்தம் வராது. பக்கத்துல இருக்கறவங்க படத்தை வுட்டுட்டு இவங்களையே பார்ப்பாங்க."

பிறவியிலேயே ஊமையா என்று கேட்டேன். சுசீலா படத்தின் தொண்டைக்குழியில், அந்த வெள்ளைத் திட்டின் மேல், விரலை வைத்தார். "தோல்ல முடி உதிர்றதுக்குப் போடுவாங்களே, சுண்ணாம்புத் தண்ணி. அதை வாயில ஊத்தினது அவங்க புருசன் மேடம். கையைப் புடிச்சிக்கினது எங்க தாத்தா."

கல்லறையில்

அன்று படத்தை சுசீலா எடுத்துப் போகவில்லை. கல்லறையில் பதிக்க, பீங்கானில் போட்டுத் தரச் சொன்னார். அங்கே பேரில்லாத ஒரு சிலுவை மட்டும்தான் இருந்ததாம். நானும் நசீரும் நேரில் போய்ப் பதித்து, ஷோகேஸ் படத்தையும் சுசீலாவிடம் கொடுத்தோம். பட்டப்பகல். இருந்தும் அந்தக் கண் கல்லில் ஏறி உட்கார்ந்ததும் சுற்றிலும் காக்காய் கத்திக்கொண்டிருந்தது சட்டென்று நின்ற மாதிரி இருந்தது.

சுசீலாவின் அண்ணன் வந்திருந்தார். சர்ச்சில் மரியாதைக்குரிய மனுஷராம். உள்ளே வராமல் கல்லறைத் தோட்டத்து கேட் அருகிலேயே நின்றார். தங்கையைத் திட்டுவார், கத்துவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். கல் வெட்டுகிறவர் உளியைக் கையில் எடுத்து, "இன்னா பேரு போடறது?" என்று கேட்டார். சுசீலா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டார். பிறகு அங்கிருந்தே உரக்கச் சொன்னார்: "எஸ்தர்னு போடு. கீழ வசந்தமல்லின்னு போடு. பெருசாப் போடு, ரோட்லேர்ந்து தெரியணும்."

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் காலியான ஷோகேஸைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்கிறார்கள்; வருஷக்கணக்காக உள்ளே உட்கார்ந்திருக்கும் என்னை இதுவரை ஒருத்தரும் அப்படித் தேடியதில்லை.