ஆயிரத்துக்கு இருபத்தொன்பது பேர் குறைவு

தயாளினிக்கு அரச வர்த்தமானி படிக்கத்தான் சம்பளம். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு சிறு நகரத்தின் மெரியில், அதாவது நகரசபையில், அவளுக்கு வேலை. எந்தச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் எந்தப் படியில் நிற்கிறது, எந்தத் திருத்தம் சத்தமில்லாமல் நுழைந்திருக்கிறது, அதனால் ஊருக்கு வரும் அரச உதவியில் எது வெட்டுப்படும் என்று பார்த்து மேயருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். பிறகு அதையே மரியாதைச் சொற்களில் சுற்றி மாவட்ட அரச அதிகாரிக்கும் டெப்யூத்தே எனப்படும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று எழுதுவதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை.

2014 கோடையில் வந்த ஆணை ஒன்று அவளுடைய பல்லை உண்மையாகவே நறநறக்க வைத்தது. ஏழைக் குடியிருப்புகளின் வரைபடத்தை அரசு புதிதாக வரைகிறதாம். ஆயிரம் பேர் இல்லாத குடியிருப்புக்கு அதில் இடம் இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் நான்கு அடுக்குமாடிப் புளொக்குகளில், அரசின் கணக்குப்படி, தொளாயிரத்து எழுபத்தொரு பேர்.

அந்தப் புளொக்குகளின் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம் இருந்தது. காலையில் பெண்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு, மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். ஒன்பது வயதில் இலங்கையிலிருந்து வந்திறங்கிய தயாளினி பிரெஞ்சில் பெருக்கல் வாய்பாடு பாடமாக்கியது அங்கேதான். வரைபடத்தில் இடம் இல்லையென்றால் உதவி நிற்கும். மண்டபத்துக்குப் பூட்டு விழும்.

"மூண்டாம் படிக்கட்டில மட்டும் கணக்கில வராமல் இருவது பேர் படுக்கினம்!" என்று அவள் மேலதிகாரியின் மேசையில் தட்டினாள்.

"ஆள் இருந்தாப் போதாதும்மா, பப்பியேல, காகிதத்துல இருக்கணும்," என்றார் ரேமண்ட். பாண்டிச்சேரிக்காரர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

"சட்டமூலத்தில 'குறைந்தபட்ச ஆட்தொகை' எண்டு ஒரு வரி கிடக்குது, எண் போட முதல் டெப்யூத்தேயைப் பிடிப்பம் எண்டு போன ஒக்டோபரிலயே எழுதித் தந்தனான். அந்தக் குறிப்பு எங்கை?"

"தோசியேல பத்திரமா இருக்குது."

"கோப்புக்குள்ள இருந்து என்ன செய்யுது? முட்டை போடுதோ?"

ரேமண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்தாதம்மா. செப்தம்ப்ர் வரைக்கும் டைம் இருக்குது. முப்பது பேருக்கு விலாச அத்தாட்சி கொண்டா, நானே மேயர்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்புறேன்."

அந்த முப்பது பேரின் விலாசம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை, பாரிசின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இறங்கி, ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையில் இருக்கும் தவரத்தினத்தின் பலசரக்குக் கடைக்குப் போனாள். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சப்பாத்துப் பெட்டிகளில் அகரவரிசைப்படி கடிதங்கள்.

"அண்ணை, எங்கடை புளொக்கில படுக்கிற ஆக்கள் நாப்பத்திமூண்டு பேர் கடுதாசியில உங்கடை கடைக்குள்ள குடியிருக்கினம். நீங்கள் மிளகாய்த்தூளை எங்கை வைக்கிறியள்?"

தவரத்தினம் முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்தபடியே கேட்டார். "தங்கச்சி, கோவிக்காதையும். இந்த விலாசத்தை எழுதச் சொன்னது ஆர்?"

2009. போர் முடிந்த கையோடு வந்தவர்களுக்கு இதே மேசையில் நின்று படிவம் நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான். வாடகைக்கு விட்டவன் தபால்பெட்டியில் பெயர் ஒட்ட விடமாட்டான். ஒரு கடிதம் தொலைந்தால் அகதி வழக்கே தொலைந்துவிடும். 'கடை விலாசத்தைப் போடுங்கோ' என்றாள். போட்டார்கள். அது அன்றைக்குச் சரியான புத்திமதி. அதுதான் இன்றைக்கு அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

கீரை வாங்கிக்கொண்டு நின்ற ஞானமலர் திரும்பினாள். மூன்றாம் படிக்கட்டில் இருப்பவள், பிரெஞ்சு வகுப்புக்கு ஒருநாளும் பிந்தாதவள். "விலாசத்தை மாத்தினால், ஒரு அறைக்குள்ள அஞ்சு பேர் எண்டு வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சு எழுப்பிப் போடுவான். அதுக்கு மெரி பொறுப்பெடுக்குமோ?"

"எடுக்காது," என்றாள் தயாளினி. பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் வந்து உங்கடை வாசலில நிப்பன்."

"நிண்டு?"

"கத்துவன்."

கடை முழுக்கச் சிரித்தது. ஞானமலர் சிரிக்கவில்லை. "டொக்டரிட்டை என்ரை வருத்தத்தைச் சொல்ல மகளைக் கூட்டிக்கொண்டு திரிஞ்ச காலம் போதும். தாங்கோ பேப்பரை."

செப்டம்பருக்குள் முப்பத்துநான்கு பேர். புருசன்மாரோடு சண்டை பிடித்து, உறவுக்காரரின் கையெழுத்துக்காக அலைந்து சேர்த்த முப்பத்துநான்கு. ரேமண்ட் சொன்ன சொல் தவறாமல் அனுப்பிவைத்தார்.

நவம்பரில் நான்கு வரிப் பதில் வந்தது. கணக்கு 2011 கோப்புகளின்படி எடுக்கப்பட்டது; பிந்திய மாற்றங்களைக் கருத்தில் கொள்ள இயலாது; தங்கள் அக்கறைக்கு நன்றி.

மூன்று வருடப் பழைய கோப்பு! அப்படியானால் அந்த முப்பத்துநான்கு கையெழுத்தும் தொடக்கத்திலிருந்தே வீண். அதை முன்கூட்டியே சொல்ல மேலிடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வருடக் கடைசியில் பட்டியல் வந்தபோது, பழக்கதோசத்தில் அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். பக்கத்து ஊர் இருந்தது. அவளுடைய நான்கு புளொக்குகள் இல்லை.

"விடும்மா. ஆறு வருஷத்துல மறுபடியும் வரைவாங்க," என்றார் ரேமண்ட்.

"ஆறு வருசத்தில வீட்டுப்பாடம் செய்யிற பெடியங்களுக்கு மீசை முளைச்சிடும்."

பெப்ரவரியில் மண்டபத்தைப் பூட்டினார்கள். அடுத்த செவ்வாய், வகுப்பு தொடங்கும் அதே பத்து மணிக்கு, மெரியின் வரவேற்பு மண்டபத்துக்குள் ஞானமலர் நுழைந்தாள். பின்னால் பதினொரு பெண்கள். எண் சிட்டை எடுத்துத் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்களின் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, வகுப்புக் கொப்பிகளைத் திறந்தார்கள். காவலாளி ஓடிவந்தபோது ஞானமலர் தன் விலாச அத்தாட்சியை நீட்டி, வகுப்பில் படித்த பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் இந்த ஊரில் வசிக்கிறேன். இது என்னுடைய மெரி."

தயாளினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மூச்சிரைக்கப் பின்னால் வந்தார் ரேமண்ட். "என்னம்மா இது? யாரைக் கேட்டு உட்கார வச்சே?"

"குறிப்பு எழுதித் தாறன்," என்றாள் அவள், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த மேயரின் புத்தாண்டு வாழ்த்தைக் கிழித்து, அன்றைய பாடத்தை ஒட்ட இடம் பண்ணியபடி. "கோப்புக்குள்ள வையுங்கோ."