ஆய்வில் படகு எதுவும் காணப்படவில்லை

வட்டமான தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கும் அளவு நாடா அது. பக்கத்தில் சின்னதாக ஒரு பித்தளைப் பிடி. அதைச் சுற்றினால் நாடா சரசரவென்று உள்ளே போய்விடும். ராயபுரம் கரையில், முன்பகல் வெயிலில், உரிம ஆய்வாளர் அந்த நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்தபடி நின்றார். அவருக்கு முன்னால் மணலில் ஐந்து கட்டைகள் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. "படகு எங்கேம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் கட்டைகளைக் காட்டினேன். "இது கட்டை. நான் படகைக் கேட்கிறேன்" என்றார். என் அக்கா புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வலையை உதறிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "அதான் சார் போட்டு. தூங்கினு கீது."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. கடலே இல்லாத ஊரிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர். கட்டுமரம் என்பது கரைக்கு வந்ததும் கயிறு அவிழ்த்து, கட்டை கட்டையாகப் பிரித்துக் காயப்போடுகிற பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நெருப்பு சுடும் என்று யாராவது சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? அவர் விண்ணப்பத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினார். பித்தளைப் பிடியைச் சுற்றினார். நாடா உறைக்குள் ஓடி மறைந்தது. அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. சுருட்டி உள்ளே போட்டுவிட்டதால் அது நாடா இல்லை என்று ஆகிவிடுமா? இழுத்தால் அளக்கும். மாமாவின் மரமும் அப்படித்தானே? கட்டினால் போகும். இதைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சு வகுப்பில் சேர்ந்து, ஆங்கிலத்தில் எந்தப் படிவத்தைக் கண்டாலும் பேனாவைத் திறந்துவிடுகிற வயது. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் நான்தான் என்பதால் மாமா எனக்கு டீச்சரம்மா என்று பட்டம் கட்டியிருந்தார். மரியாதைக்கு வைத்த பெயரில்லை அது. சோற்றில் உப்பு கூடினால்கூட "டீச்சரம்மா கணக்குல இத்தினி உப்பு" என்பார்.

அந்த ஆண்டுகளில் கடல் எங்கள் கரையைத் தின்றுகொண்டிருந்தது. முந்தின வருஷம் வலை காயப்போட்ட மணலில் இந்த வருஷம் அலை வந்து நின்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் வரை லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வீட்டைக் காப்பாற்றும் கல்தான், ஆனால் மரத்தை எந்த வழியாக இறக்குவது? எங்கள் குப்பத்துக்கு முன்னால் மட்டும் ஒரு வழி விட்டிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மணல் சந்து. விற்பனைக்கு மீன் பிடிக்க உரிமம் வாங்கி, எண் போட்ட கலங்கள் மட்டும்தான் அந்தச் சந்தில் இறங்கலாம், ஏறலாம் என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமையோடு பட்டியலை மூடப்போவதாகச் சொன்னார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மாமா கடலுக்குப் போக வேறு வாசல் இல்லை. அக்காவுக்கு விற்க மீன் இல்லை.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். 'கலங்கள் எத்தனை' என்று ஒரு கட்டம் இருந்தது. மாமாவைக் கேட்டேன். "ரெண்டு" என்றார். யோசிக்காமல் இரண்டு என்று எழுதினேன். யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் எல்லோரும் சின்ன மரம், பெரிய மரம் என்று இரண்டாகத்தான் பேசுவோம். கரையோரமாகப் போகிற நாளில் மூன்று கட்டை வைத்துக் கட்டினால் சின்ன மரம். தூரக் கடலுக்குப் பெரிய வலையோடு போகிற பருவத்தில் அதே மூன்றோடு பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு சேர்த்துக் கட்டினால் பெரிய மரம். சின்ன வயதிலிருந்து அந்தக் கட்டைகளின் மேல் உட்கார்ந்து விளையாடிய எனக்கு, இரண்டுக்கும் ஒரே கட்டைகள்தான் என்பது எழுதும்போது உறைக்கவே இல்லை. விண்ணப்பத்தில் இரண்டு, கரையில் ஒன்றுமில்லை. மறுநாள் தாள் திரும்பி வந்தது: 'ஆய்வில் படகு எதுவும் காணப்படவில்லை. விவரம் பொய்.' பொய் என்ற சொல்லை நான் நாலைந்து தரம் படித்தேன். அதுவரை என் கையெழுத்தின் பக்கத்தில் யாரும் அப்படி எழுதியதில்லை.

அலுவலகத்துக்கு ஓடினேன். ஆய்வாளர் கெட்டவரில்லை. பொறுமையாகவே பேசினார். "படகு என்றால் படகாக இருக்க வேண்டும்மா. கட்டியே வையுங்கள். இரண்டு நாளில் வந்து பார்க்கிறேன்" என்றார். நான் வந்து சொன்னதும் மாமா வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, மரத்த சாவடிக்கச் சொல்றியா? பிரிச்சிக் காயவுடாம கட்டியே வெச்சா தண்ணி உள்ள எறங்கிடும். அப்பறம் அது மரமில்ல, பொணம்." நான் அழவில்லை, கெஞ்சவில்லை. "சனிக்கெயமை வரிக்கும் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அவ மொகத்தப் பாரு, நீ ஒத்துக்கினாதான் அந்த எடத்த வுட்டு நவுருவா. கட்டி வெச்சித் தொலையேன்." கட்டி வைத்தார். ஆய்வாளர் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் மரத்தைத் தள்ள வழக்கமாக இரண்டு பேர் போதும் என்ற இடத்தில் நாலு பேர் வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் மாமா என்னைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார். அன்று மதியம் ஆய்வாளர் வந்தார். கட்டைகளைப் பார்த்தார். நாடாவை எடுக்கவே இல்லை. போய்விட்டார்.

அது வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் நான் மாமாவிடம் போய், "அவரு வந்து பாக்க வேணாம். நாம எட்துகினு போலாம்" என்றேன். "எத்த?" "மரத்த." மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மாறியது. மூன்று நாளாக நனைந்து கனத்த கட்டைகளின் கோபம் அவருக்குள் இன்னும் இருந்தது. அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது போலிருந்தது. "நீ எய்து. நா கட்றேன்" என்றார். இந்த நாலு சொல்லை அதற்கப்புறம் எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒரு கைவண்டியில் ஐந்து கட்டைகளையும் ஏற்றினோம். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்த நுனிகளில் அக்கா தன் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு வழியனுப்பினாள். மாமாவோடு கடலுக்குப் போகும் கூட்டாளி முன்னால் இழுக்க, மாமா பின்னால் தள்ள, நான் புதிய விண்ணப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். மாதா கோயிலைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். "யோவ், வெறகா? எங்க போவுது?" "வெறகு இல்ல சார், போட்டு. லைசென்ஸ் வாங்கப் போவுது" என்றார் மாமா. போலீஸ்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "காலைலயே போட்டுட்டியா?" என்று கேட்டார். மாமா அவர் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினார். விட்டுவிட்டார்.

அலுவலக முற்றத்தில் வேப்பமரத்தடியில் கட்டைகளை இறக்கினோம். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆய்வாளர் வெளியே வந்து, "என்ன இது?" என்றார். நான் ராத்திரி முழுதும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "சார், உங்கள் நாடாவைச் சுருட்டி வைத்தாலும் அது நாடாதான். இதுவும் அப்படித்தான்." நல்ல வாதம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் அசையவில்லை. "வாதம் எல்லாம் இருக்கட்டும்மா. நான் அளந்ததைத்தான் எழுத முடியும்" என்றார். மாமா அங்கிருந்த கடைநிலை ஊழியரிடம் தண்ணீர் கேட்டார். அவர் ஒரு தம்ளரில் கொண்டுவந்தார். மாமா அதைக் குடித்துவிட்டு, "இது எனக்கு ஆச்சு நைனா. கவுத்துக்கு ஒரு பக்கெட் குடு" என்றார். தேங்காய் நார்க் கயிற்றை வாளியில் முக்கி எடுத்தார். நனைந்த கயிறுதான் கட்டையைக் கடித்துப் பிடிக்கும். நடுவில் ஒன்று, அதைவிடச் சற்று மேடாகப் பக்கத்துக்கு ஒன்று. முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. காலால் உதைத்து, முழங்காலால் அழுத்தி, பல்லால் ஒரு முடிச்சை இறுக்கி அவர் நிமிர்ந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு படகு இருந்தது. பின்னால் நின்ற யாரோ விசில் அடித்தார்கள். ஆய்வாளர் உள்ளே போய் நாடாவை எடுத்து வந்தார்.

நீளம் எழுதினார், அகலம் எழுதினார். "இரண்டாவது படகு?" என்றார். மாமா அத்தனையும் அவிழ்த்தார். ஐந்தையும் சேர்த்துக் கட்டினார். அவர் முதுகு வேர்வையில் பளபளத்தது. ஆய்வாளர் மறுபடி அளந்தார். பிறகு இரண்டு அளவுகளையும் பார்த்தபடி நின்றுவிட்டார். "இப்போது நான் என்ன எழுத? ஒன்றா, இரண்டா?" மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார் பேஜாரு! நடுமரம் ஒண்ணுதான கீது? அத்த வெச்சிகினு ஒரே நாள்ல ரெண்டு மரம் எப்டி கடல்ல போவும்?" எனக்குச் சுருக்கென்றது. "அப்போ ரெண்டுன்னு ஏன் மாமா சொன்ன?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "ரெண்டுதான் கீது. ஒரே நாள்ல ரெண்டும் கீதுன்னு எவன் சொன்னான்?" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை, ஆனால் குனிந்து நடுமரத்தின் மேல் கையை வைத்தார். "இது இல்லாமல் கட்ட முடியுமா?" "முடியாது." "இரண்டிலும் இதுதானா?" "இதுதான்." அவர் சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து அந்தக் கட்டையின் மூக்கில் ஒரு கோடு இழுத்தார். நான் நீட்டிய புதிய விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இந்தத் தடவை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அவரே தன் பேனாவால் ஒன்று என்று எழுதினார். சிறிய அளவு, பெரிய அளவு இரண்டையும் பக்கத்தில் எழுதினார். பட்டியலில் மாமாவின் பெயர் கடைசிப் பெயராக ஏறியது.

எண்ணை நான்தான் எழுதினேன், வெள்ளை வர்ணத்தில். மேலே எழுதினால் கால் வழுக்கும் என்றார் மாமா. பக்கவாட்டில் எழுதினால் கட்டியதும் மறைந்துவிடும். கடைசியில் ஆய்வாளர் சாக்குக்கட்டிக் கோடு போட்ட அந்த மூக்கிலேயே எழுதினோம். அடுத்த வாரம் குப்பத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தாளோடு வந்தார்கள். பட்டியலை மறுபடி திறக்க வேண்டும் என்று மனு எழுதினோம். ஒரு தடவையில்லை, மூன்று தடவை. திறந்தார்கள். வந்தவர்களிடம் எத்தனை மரம் என்று நான் கேட்கவில்லை. நடுமரம் எத்தனை என்று கேட்டேன்.

இப்போது எனக்கு இருபத்தைந்து. ஒரு கம்பெனியில் தட்டச்சு செய்கிறேன். அந்த மணல் சந்து இருக்கிறது. அதில் இறங்கும் மரங்களின் மூக்கில் என் கையெழுத்தில் போட்ட எண்கள் மங்கி நிற்கின்றன. மாமா அங்கே இல்லை. போன மழைக்காலத்தில் அலை கல்லைத் தாண்டி வந்து அவர் வீட்டுச் சுவரைக் கொண்டுபோயிற்று. அக்காவும் அவரும் எண்ணூருக்குப் போய்விட்டார்கள். நடுமரத்தை மட்டும் கைவண்டியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு போனார். மற்றதை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாராம். எங்கள் வீட்டுப் பக்கம் நாள் முழுதும் மாமாவோ அக்காவோ குரலை உயர்த்திக்கொண்டே இருப்பது வழக்கம். இப்போது அது இல்லாமல் தெருவே காது அடைத்தது போலிருக்கிறது.

எண்ணூர் முகத்துவாரத்தில் இப்போது குழாய்கள் போடுகிறார்கள். அங்கேயும் அதே உத்தரவு வந்திருக்கிறது: எண் இருக்கிற கலங்களுக்கு மட்டும் வழி. நேற்று மீன் கூடையோடு வந்த அக்கா, மாமா சொல்லி அனுப்பியதை அவர் குரலிலேயே சொன்னாள்: "டீச்சரம்மாவ வரச் சொல்லு. இங்க ஒரு நடுமரத்துக்கு ரெண்டு அண்ணந்தம்பி கீறானுங்கோ. அப்பன் வுட்டுட்டுப் போன மரம். இன்னிக்கு இவன், நாளிக்கு அவன். படிவத்துல பேரு எய்த ஒரு கோடுதான் கீது. எவம் பேர எய்தனா எவன் கரைல நிப்பான்? இத்த அவ எப்டி எய்துவான்னு பாக்கறேன்."

எப்படி எழுதுவேன் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஒற்றைக் கோட்டில் இரண்டு பெயரைப் பொடியாக எழுதலாமா, தாளை ஒட்டி நீட்டலாமா, அண்ணன் தம்பி இருவரையும் மரத்தோடு சேர்த்துக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆய்வாளர் முன்னால் நிறுத்தலாமா என்று ராத்திரியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது யோசனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. திங்கள்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. முதல் சம்பளத்தில் வாங்கிய அளவு நாடா மேஜைமேல் இருக்கிறது; வட்டமான தோல் உறை, பித்தளைப் பிடி. இப்போதைக்குச் சுருண்டு கிடக்கிறது. திங்கள்கிழமை காலை முதல் வண்டியில் அதை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போகிறேன்.