மிலானுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் நடுவே ஒரு பொட்டலம்

ஆம்பூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் நிற்கிறது. தோல் கம்பெனி மேஸ்திரி ஒருவர் புதுக் கோட்டுடன் என் எதிரே விறைப்பாக உட்கார்கிறார். முதல் வெளிநாட்டுப் பயணமாம். ஜன்னல் வழியே அவர் மனைவி இரண்டு பொட்டலங்களை நீட்டுகிறார்.

"மிலான் போற வரைக்கும் பிரியாணி. அங்கருந்து பிராங்க்பர்ட் போறப்ப புளிசாதம். வேற தேசமாச்சே, வழியில பசிக்கும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம்தாம்மா. பிளேன்ல ஒன்னேகால் மணி நேரம்."

"அவ்ளோதானா? மெட்ராஸுக்கே அதுக்கு மேல ஆவுதே."

ரயில் நகர்கிறது. கூடவே நடந்து, புளிசாதத்தை என்னிடம் திணிக்கிறார். "அப்ப இத நீங்க சாப்டுங்கண்ணா."

இலையைப் பிரிக்கிறேன். மேஸ்திரி கோட்டைக் கழற்றிவிட்டுக் கை நீட்டுகிறார். "பாதி தூரம் எனக்கு வைங்க சார்."

காட்பாடிக்கு முன்பே பிராங்க்பர்ட் போய்ச் சேர்கிறோம்.