ஓதி ஊதிய மருந்து

இரண்டரை வயதுப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன். "கொஞ்சம் பக்குவமா சொன்னா குடிச்சிடுவா" என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடுவார். சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. பக்குவம் என் பொறுப்பு.

மகளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விட்டால் கர் கர் என்று பக்கத்து அறைக்குக் கேட்டது. டாக்டரம்மா முதுகில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப மருந்துலயே பாத்துடலாம். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, அஞ்சு நாளைக்கு. உள்ள போகலைன்னா கொண்டாந்து சேத்துடுங்க, ஊசியிலதான் ஏத்தணும்" என்றார். போன மழைக்காலத்தில் அப்படிச் சேர்த்திருக்கிறோம். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் காலிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை என்னால் ஆகாது என்று டாக்டரம்மா வீட்டுப் படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது.

மருந்து பொடியாக இருக்கும், பாட்டிலில் ஆறின வெந்நீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும். ஆரஞ்சு வாசனை தூக்கலாக வரும், நாக்கில் பட்டால் அடியில் ஒரு கசப்பு. பிள்ளை ஆரஞ்சுக்கு ஏமாறவில்லை. முதல் நாள் அவள் கால்களை என் முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, அவர் அவளுடைய கைகளைப் பிடிக்க, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். உள்ளே போனது பாதி. அந்தப் பாதியும் குடித்திருந்த பாலைக் கூட்டிக்கொண்டு என் புடவை மேல் திரும்பி வந்தது. சாயங்காலம் பாலில் கலந்தேன். முகர்ந்து பார்த்தாள், டம்ளரைத் தள்ளிவிட்டாள், அதிலிருந்து வெறும் பாலையும் தொடவில்லை. மறுநாள் காலையில் வாழைப்பழத்தில் மசித்தேன். பழத்தைத் துப்பிவிட்டு, "அம்மா பேட்" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான மதிப்புரை அது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொண்டை கரகரத்தது. சாக்பீஸ் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எங்கள் வீட்டு அலறல் மனப்பாடமாகியிருக்க வேண்டும். வாசலில் வழிமறித்து, "தூக்கத்துலயும் பொரண்டு பொரண்டு அழுவுதுல்ல? புள்ள பயந்திருக்கும்மா. பள்ளிவாசல்ல ஓதச் சொல்லிட்டு வந்துடு" என்றார். எங்கள் ஊரில் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் மருந்துக் கடை, மாரியம்மன் கோயில் விபூதி, பள்ளிவாசல் ஓதல் மூன்றும் ஒரே சாயங்காலத்தில் நடக்கும். எது கேட்டது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன்.

தொழுகை முடியும் நேரத்துக்கு வாசலில் பெண்கள் பிள்ளைகளோடும் தண்ணீர் பாட்டிலோடும் நின்றிருந்தார்கள். வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, மெல்ல ஓதி, பிள்ளையின் தலையிலும் பாட்டிலிலும் ஊதிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒரு வெள்ளைத் தாடித் தாத்தாவை என் மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். அந்தத் தண்ணீரை அங்கேயே மடக் மடக்கென்று குடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மருந்தை எடுத்தால், "ஊது" என்றாள். ஊதினேன். "நீ இல்ல. தாத்தா." அவர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே, "அப்பா ஊதுறேன், பாரு" என்று ஊதினார். அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். அந்த வேளையும் போச்சு. மறுநாள் காலை வேளையும் போச்சு. மூச்சில் கர் கர் கூடியிருந்தது. கிளம்பும்போது அவர் சாவியைத் தேடவில்லை. "நாளைக்குச் சேத்துடுவோமா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் மருந்து பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளோடு மறுபடியும் அதே வாசலில் நின்றேன். எல்லார் கையிலும் தண்ணீர், என் கையில் ஆன்டிபயாடிக். பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரி பார்த்தாள். வெட்கப்படக்கூடத் தெம்பில்லை. முந்தின நாள் ஊதிய வெள்ளைத் தாடிக்காரர் வந்தார். பாட்டிலைப் பார்த்து, "என்னம்மா, மருந்தா?" என்றார்.

"ஆமாங்க பாய். நீங்க ஊதுனாத்தான் குடிப்பேங்குறா. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லுவாங்க. காலையில வேலைக்குப் போகணும், வர முடியாது. முழு பாட்டிலுக்கும் சேத்து ஓதிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடி ஓதினார், தண்ணீருக்கு ஓதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஓதினார் என்று எனக்குத் தோன்றியது. பாட்டில் வாயில் மூன்று தடவை ஊதினார். "முழுசுக்கும் ஊதியாச்சு புள்ள, குடிச்சிரு" என்றார். மகள் வாயைத் திறந்தாள். அளவு மூடியில் ஊற்றி நீட்டினேன். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு விழுங்கினாள். "ஆ காட்டு" என்றேன். காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் விட்டுப்போன வேளைகளுக்கும் சேர்த்து மருந்தை நீட்டிக் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஒவ்வொரு வேளையும், "தாத்தா ஊதுனாங்களா?" என்பாள். "ஊதுனாங்க" என்பேன். குடிப்பாள். "ஆ காட்டு" என்பேன். கர் கர் குறைந்து, ஒரு நாள் காலையில் எழுந்ததும் தானே பால் கேட்டாள்.

சாக்பீஸ் தூசி என்று நான் நினைத்தது காய்ச்சலாகி எத்தனை நாளாயிற்றோ, பார்க்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாயை விரித்து விழுந்துவிட்டேன். போனவர் வந்தவர் எல்லாரும், "புள்ளைக்குத் தேவலையா?" என்றுதான் கேட்டார்கள். அவர் சமையல்கட்டிலிருந்து, "சீரகம் எதுல இருக்கு?" என்று கேட்டார். தலைமாட்டில் நானே எடுத்து வைத்திருந்த ஒரு மாத்திரையும் டம்ளர் தண்ணீரும் இருந்தன. எழுந்து போட்டுக்கொள்ள உடம்பு வரவில்லை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன்.

மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். டம்ளருக்கு மேல் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கன்னம் உப்ப ஊதினாள். பாதி காற்று, பாதி எச்சில்.

"குடிம்மா" என்றாள்.

எழுந்து உட்கார்ந்தேன். மாத்திரையை வாயில் போட்டு, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்த வாரம் முழுக்க என்னை மருந்து சாப்பிடச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். கண்ணில் நீர் வந்தது, மறைக்கவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆ காட்டு."

காட்டினேன். உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.