கேப்டன் அக்காவை என்னிடமிருந்து பிடுங்கினார்கள்

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சந்திரனுக்குப் போகிற ஒருத்தியை எப்படிப் பொறுத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள். அங்கே கவிழ்ந்து விழ ஆறு ஓடுகிறதா? இதைத்தான் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து கேட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கும்போது குரல் கீச்சென்று போய்விட்டது. நாற்பத்தெட்டு வயதில், இந்தத் தொப்பையோடு, ஒரு பெண் வேடத்துக்காக நான் அழப்போகிறேன் என்பது முன்வரிசைக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

எங்களுடையது யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மாதா திருவிழாவின் கடைசி நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற மஸ்டர் மைதானத்தில் பலகை மேடை கட்டி நாடகம் போடுவோம். மற்றத் தோட்டங்கள் ராஜா ராணிக் கதை போட்டபோது நாங்கள் விண்வெளிக் கதை போட்டோம். எங்கள் மாதா கோயிலில் அந்தக் காலத்தில் இருந்த உபதேசியார் எழுதியது. பெயர் ‘சந்திர டிவிசன்’.

கதை இதுதான். கம்பனிக்குப் பூமி போதவில்லை. சந்திரனில் புதிதாக ஒரு டிவிசன், அதாவது ஒரு தோட்டப் பிரிவு, திறக்கிறது. ரப்பர் கன்று நட எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிகிறது: அங்கே ஒரு பகல் என்றால் நம் கணக்கில் பதினாலு நாள். சந்திரத் துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொல்வார்: “சூரியன் மறைஞ்சாத்தான் ஒரு பேர்.” பேர் என்றால் எங்களிடம் ஒரு நாள் சம்பளம். பதினாலு நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளம்! சனங்கள் வாயடைத்து நிற்கும்போது, கப்பலை ஓட்டிவந்த கேப்டன் அக்கா இறங்கி வருவாள். இடுப்பில் கைவைத்துத் துரையை மேலும் கீழும் பார்த்து, “அப்போ சோத்தையும் பதினாலு நாளைக்கு ஒருதரம் தின்னுங்க துரை!” என்பாள். மைதானமே அவளோடு சேர்ந்து அந்த வசனத்தைக் கத்தும். பிறகு அத்தனை பேரையும் திரும்பக் கப்பலில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவாள்.

அந்தக் கேப்டன் அக்கா நான்தான்.

நாடகம் தொடங்கிய காலத்தில் ஒத்திகைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. நான் ஒல்லியாக இருந்தேன், கீச்சுக் குரலும் வந்தது. சேலையைச் சுற்றி ஏற்றிவிட்டார்கள். சேலை முழுக்க வெள்ளித்தாள், தலையில் கம்பளி நூலில் பின்னிய ஜடை. மேடை ஓரத்தில் ஃபேன் வைத்து ஜடையைப் பறக்கவிடுவோம். வருஷா வருஷம் உடம்பு பெருத்துக்கொண்டே போனது, வெள்ளித்தாளும் கூடக்கூட வேண்டியிருந்தது. யாரும் குறை சொன்னதில்லை. கடைசி வருஷங்களில் நான் இறங்கி வரும்போது கப்பலே இறங்கி வருகிற மாதிரி இருந்தது என்று சிலர் சொன்னார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மற்ற நாட்களில் நான் பஜாரில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் நிற்கிற சிங்களப் பையன்கள்கூட, “அக்கே, ஹயர் எகக் தியெனவா” என்றுதான் சவாரி வந்திருப்பதைச் சொல்வார்கள். ‘அக்கா’ என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரே ஆம்பளை இந்தப் பகுதியிலேயே நான்தான். அந்த வேடத்தை உருவிவிட்டால் மிச்சம் என்ன? தொப்பை வைத்த த்ரீவீலர்காரன். ஸ்டாண்டில் அப்படி ஒரு வரிசையே நிற்கிறது.

கொரோனா வந்தது, அப்புறம் பெற்றோல் வரிசை வந்தது, நாடகம் நின்றுபோனது. இந்த வருஷம் வாலிபர் சங்கத் தலைவன் வீட்டுக்கு வந்தான். கையில் பிஸ்கட் பெட்டி. பிஸ்கட்டோடு வருகிறவன் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை.

“அண்ணே, நாடகத்த மறுபடி போடுறோம். ரீபூட் பண்றோம்.”

“அப்படின்னா?”

“போன் ஹேங் ஆச்சுன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்றோமே, அது மாதிரிண்ணே.”

“அப்போ ஹேங் ஆன போன் யாரு? நானா?”

அவன் பிஸ்கட் பெட்டியை என் மனைவி பக்கமாக நகர்த்தினான். “கேப்டன் அக்காவா இந்த வாட்டி ஒரு பொம்பளைப் புள்ளையவே போடுறோம்ண்ணே.”

நான் தண்ணீர் கேட்டேன். மனைவி தண்ணீரோடு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தாள். அவள் வாயில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

அந்தப் பெண் கீழ் டிவிசன்காரி. கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி ஆற்றில் இறக்குகிற இடத்தில் வேலை. படகின் பின்னால் நின்று சிங்களத்திலும் இங்கிலீசிலும் அதட்டுவாளாம். ஆறடி ஆட்கள் பயந்துபோய்த் துடுப்புப் போடுவார்களாம். இதெல்லாம் ஒரு தகுதியா? நான் பொம்பளைக் குரலுக்காகப் பச்சை முட்டை குடித்தவன்.

போர் தொடங்கினேன். திருவிழா வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ‘பொம்பளை பொம்பளையா நடிக்கிறதுக்கு என்ன நடிப்பு வேணும்? ஆம்பளை பொம்பளையா நடிச்சாத்தான் அது நடிப்பு. அக்காவக் கொல்லாதீங்க!’ கடைசி வரியில் அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை. குழுவில் பாதிப்பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள், மீதிப்பேர் சிரித்து அழுகிற படம் போட்டார்கள். இரண்டையும் ஆதரவாகவே எண்ணிக்கொண்டேன்.

ஆதரவு தேடிப் பஜாருக்குப் போனேன். எனக்கு வருஷா வருஷம் வெள்ளித்தாளும் கம்பளி நூலும் தருகிற ஃபேன்சிக் கடை முஸ்லிம் அண்ணனை எல்லாரும் ‘நானா’ என்போம்; நாடகத்தன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு நாற்காலியோடு வந்து முன்வரிசையில் உட்காருகிற ரசிகர்.

“நானா, கேள்விப்பட்டீங்களா?”

“கேள்விப்பட்டேன் மச்சான். மனசுக்குச் சரியான கவல.” என் வயிற்றைப் பார்த்தார். “சரி, அந்தப் புள்ளைக்கி வெள்ளித்தாள் எத்தின ரோல் வேணுமாம்? ஒனக்கு எடுக்கிறதில பாதி போதும்தானே?”

வீட்டுக்கு வந்து இந்தத் துரோகத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “அவ பொம்பளை, பொம்பளையா வர்றா. இதுல ஒங்களுக்கு எங்க வலிக்குது?” என்றாள். எங்கே வலிக்கிறது என்று காட்ட எனக்கே இடம் தெரியவில்லை.

பிறகுதான் அந்த மண்டபக் கூட்டம். வெள்ளித்தாள் சேலை வேண்டாம், வேலைக்குப் போடுகிற லைஃப் ஜாக்கெட்டோடே வருகிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். லைஃப் ஜாக்கெட் கேள்வியை நான் கேட்டதும் பங்குச் சாமி தாடியைத் தடவினார். அவள் எழுந்தாள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் கையிலேயே வைத்திருந்தாள்.

“அண்ணே, சந்திரன்ல தண்ணி இல்லதான். காத்து மட்டும் இருக்கா?”

“இல்ல.”

“அப்போ ஒங்க ஜடை எப்படிண்ணே இத்தன வருசமா பறந்திச்சு?”

மண்டபம் சிரித்தது. சாமியும் சிரித்தார், அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் சங்கத் தலைவன் என் பக்கத்தில் குந்தி மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, துரையா நடிச்சவரு கட்டாருக்குப் போயிட்டாரு. துரை வேசம் காலியா இருக்கு. நீங்க செய்யிறீங்களா?”

துரையா? மைதானம் முழுக்க வெறுக்கிற அந்தத் தொப்பிக்காரனா? வாயைத் திறந்து திட்டப்போனேன். அந்த நொடியில்தான் ஒரு யோசனை வந்தது. துரைக்கு அடுத்த வசனம்தானே கேப்டன் அக்காவின் பெரிய வசனம்? அது அவள் வாய்க்குப் போவதற்கு முன் என் வாயைத் தாண்டித்தானே போகவேண்டும்?

“செய்யிறேன்” என்றேன், மிகவும் பணிவாக. மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் பணிவு எப்போதுமே பிடிக்காது.

ஒத்திகைகளில் நான் தங்கம். அந்தப் பெண்ணோ சொல்லிச் சொல்லிக் குத்தினாள். “அண்ணே, இடுப்புல கை வைக்காதீங்க. துரை அப்படி நிக்கமாட்டாரு.”

“இது என் இடுப்பு.”

“ஒங்க இடுப்புத்தான். ஆனா அது இன்னும் அக்கா இடுப்பாவே நிக்குதே.”

பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தேன். நடத்து, நடத்து, மேடையில் பார்ப்போம்.

திருவிழா அன்று மைதானம் நிறைந்துவிட்டது. கீழே கிராமத்திலிருந்து சிங்களச் சனமும் பாய் எடுத்து வந்திருந்தார்கள். அவித்த சோளம் விற்றார்கள். நானா நாற்காலியோடு முன்வரிசையில். அவருக்குப் பின்னால் பால் வெட்டுகிற பெண்கள் கூட்டமாக, நடுவில் என் மனைவி. நான் தொப்பி, காக்கிக் காற்சட்டை, கையில் பிரம்பு. கப்பல் வந்தது. சனங்கள் இறங்கினார்கள். நான் என் வசனத்தைச் சொன்னேன்: “சூரியன் மறைஞ்சாத்தான் ஒரு பேர்.”

அவள் இறங்கி வந்தாள். ஆரஞ்சு ஜாக்கெட், ஹெல்மெட். இடுப்புக் குலுக்கல் இல்லை, ஜடை இல்லை. படகில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவள் மாதிரி மேடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். இடுப்பில் கைவைத்து, என் பழைய குரலில், மைதானத்தின் மறுகோடி வரை போகிற மாதிரி: “அப்போ சோத்தையும் பதினாலு நாளைக்கு ஒருதரம் தின்னுங்க துரைன்னுதானே சொல்ல வர்றே?”

சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை; அவளுடைய ஒரே வெடியை நான் வெடித்துவிட்டேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியிடம் சொல்லமாட்டேன்.

அவள் அவசரப்படவில்லை. ஜாக்கெட்டின் வாரை இழுத்து இறுக்கினாள். என்னை விட்டுவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா? துரைக்குத் தெரிஞ்சிருக்கு. பசிக்கும்னு தெரியும். நாம என்ன கேப்போம்னும் தெரியும். தெரியாமச் செய்யல. தெரிஞ்சுக்கிட்டேதான் ஒரு பேர் போட்டிருக்காரு.”

கத்தவேயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு உறுமல் மாதிரி வந்தது. “தெரிஞ்சேதான் செய்யிறானுங்க!” என்று யாரோ எழுந்தார்கள். தின்று முடித்த சோளத் தக்கை ஒன்று என் தொப்பியில் பட்டது. அடுத்தது காதில். அப்போது அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: “மழை பேஞ்ச நாளைக்கெல்லாம் அரைப் பேரு போட்டியே, அதுக்கு மொதல்ல கணக்குச் சொல்லு!”

எனக்குத் தெரிந்த குரல். காலையில் எனக்குத் தேத்தண்ணி கொடுத்த குரல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். மேடையில் இருப்பது தன் புருஷன் என்ற நினைப்பே அவள் முகத்தில் இல்லை. இந்த நாடகத்தில் அவள் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. நான் அக்காவாக இறங்கி வந்த ஒவ்வொரு வருஷமும் அவள் உட்கார்ந்தேதான் சிரித்தாள்.

முழங்கால் ஆடியது. அடுத்த வசனம் மறந்துவிட்டது. பயத்தில் வாய்க்கு வந்ததை உளறினேன்: “நான்... மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்.”

மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்து ஊளையிட்டது. சம்பளக் கணக்குக் கேட்கும்போதெல்லாம் மஸ்டர் மைதானத்தில் துரைமார் சொல்கிற அந்த வார்த்தையைக் கேட்காத காது அங்கே ஒன்றுமில்லை. நானா நாற்காலியிலிருந்து சறுக்கிவிட்டார்.

ஜாக்கெட்காரி விடவில்லை. “மேலிடமா? இதுக்கு மேல எங்க துரை? நாம நிக்கிறதே சந்திரன்ல!”

அதற்குப் பிறகு நாடகம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. கப்பல் புறப்பட்டது, நான் மட்டும் சந்திரனில் நின்றேன், தக்கைகள் வந்துகொண்டிருந்தன.

திரைக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தாள்.

“கெடுக்கத்தானே பேசுனீங்க?”

“ஆமா.” பொய் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

“தெரியும். ஒத்திகையில நீங்க அவ்வளவு நல்லவரா இருந்தப்பவே தெரியும். ஆனா அந்த எடம் அப்படியே இருக்கட்டும். அடுத்த வருசமும் நீங்களே மொதல்ல சொல்லுங்க, நான் பொறவு சொல்றேன். அந்த முழங்கால் நடுக்கமும் வேணும்.”

“நான் இனிமே இந்த மேடையில ஏறமாட்டேன்.”

“சரிண்ணே. அப்போ துரைக்கு வேற ஆள் பாத்துக்கிறோம்.” சொல்லிவிட்டு வாரைக் கழற்றத் தொடங்கினாள்.

“எந்த மடையன் அவன்?” என்று எழுந்துவிட்டேன்.

அவள் சிரிப்பை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் தவறு என்பதை ஸ்டாண்டில் வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையன்கள் இப்போது என்னை ‘அக்கே’ என்று கூப்பிடுவதில்லை. ‘துரை மாத்தயா’, துரை ஐயா, என்கிறார்கள், அதுவும் நான் சவாரிக்கு வாடகை பேசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு. தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் போனால் பெண்கள் நின்று அரைப் பேருக்குக் கணக்குக் கேட்கிறார்கள். நான் மீசை வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். துரைக்கு மீசை உண்டு என்று உபதேசியார் எங்கும் எழுதவில்லை. மூக்குக்குக் கீழே கம்பளிப்புழு விழுந்துவிட்டது என்று மனைவி தினமும் சொல்கிறாள். சொல்லட்டும். துரைக்கு வேறு யாராவது ஆசைப்பட்டால், மீசையோடு ஒருத்தன் ஏற்கெனவே இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியவேண்டும்.